முப்பத்தேழு நாள் பேட்டரி

பழிவாங்கக் கத்தி வாங்கியவர்கள் உண்டு. வக்கீல் வைத்தவர்கள் உண்டு. தலைகீழ் அக்கா பேட்டரி வாங்கினாள். விரல் தடிமனில் நான்கு, சட்டைப் பொத்தான் அளவில் ஒன்று. கடைக்காரர், "ரேடியோவுக்காம்மா?" என்று கேட்டார். "இல்லண்ணே, ஒருத்தனுக்கு" என்று சொல்லிவிட்டுப் பையை மூடினாள். அவருக்கு அது வேடிக்கைப் பேச்சாகப் பட்டிருக்கும். சிரித்தார்.

தலைகீழ் அக்கா என்பது அலுவலகம் வைத்த பெயர். அவள் அப்பா லாரி எடைமேடையில் கணக்கராக இருந்தவர். சின்ன வயதில் அவர் மேசைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்து, அவர் எழுதுவதைப் பார்த்துப் பார்த்தே எண்களைக் கற்றுக்கொண்டாள். எதிரில் இருந்து பார்த்தால் எல்லாம் கீழிருந்து மேலே ஏறும். அப்படியே கை பழகிவிட்டது. எட்டைக் கீழ் வட்டத்தில் தொடங்குவாள். நாலுக்கு முதலில் அடிக்கம்பு. பள்ளியில் எத்தனையோ அடி வாங்கியும் கை திருந்தவில்லை. கையெழுத்து இன்னும் விசேஷம். கடைசி எழுத்தின் வாலில் பேனாவை வைத்து, பின்னாலேயே ஓடி, முதல் எழுத்தில் வந்து முடிப்பாள். முடிந்தபின் பார்த்தால் ஊரார் கையெழுத்தைப் போலத்தான் இருக்கும். போடும்போது பார்த்தால் தலை சுற்றும். ஒருமுறை கிடங்குக் குமாஸ்தா ஒருவர் சரக்கு வெளியே போக அனுமதிக்கும் சீட்டில் அவள் கையெழுத்தைப் போட்டுப் பார்க்க முயன்று, முப்பது தாளைப் பாழாக்கிவிட்டு, "இது கையெழுத்து இல்லக்கா, கண்கட்டு வித்தை" என்று கும்பிடு போட்டார்.

இந்தப் பெருமைதான் பின்னால் அவள் கழுத்தைப் பிடித்தது.

அது குடிநீர் வழங்கும் அலுவலகம். பதினெட்டு அளவீட்டாளர்கள் காலையில் கிளம்பி, வீடுவீடாகத் தண்ணீர் மீட்டரைக் குனிந்து பார்த்து, எண்ணைச் சீட்டில் எழுதி, மாலையில் கொண்டுவந்து கொட்டுவார்கள். வியர்வையில் ஊறிய சீட்டு, மழையில் கரைந்த சீட்டு, நாய் கவ்விய சீட்டு. நீள அறையில் ஆறு பெண்கள் அந்தச் சீட்டுகளைப் பார்த்துக் கணினியில் தட்ட வேண்டும். ஆறு பேருக்கும் மூத்தவள் அக்கா. பதினெட்டுப் பேர் கிறுக்கலும் அவளுக்கு அத்துபடி. அறையில் நாளெல்லாம் ஒரே குரல்தான்: "அக்கா, இது ஒண்ணா ஏழா?" சீட்டை எட்டிப் பார்க்காமலே, "யார் சீட்டு?" என்று கேட்பாள். "குடைக்காரர்து." "அப்ப ஏழு. அவருக்கு ஒண்ணு சாயாது."

மற்ற ஐந்து பேரில் ஒருத்தி அவள் கூடப்பிறந்த தங்கை. அக்காதான் கையைப் பிடித்து வேலைக்குச் சேர்த்தாள். ஒரே வீட்டில் மாடியில் அக்கா தனியாக, கீழே தங்கையும் பேருந்து ஓட்டும் அவள் கணவரும். காலையில் ஒரே பேருந்து, மதியம் ஒரே சாப்பாட்டு டப்பா.

அப்போதுதான் அலுவலகத்துக்குச் சிலேட்டு வந்தது. கம்பெனிக்காரர்கள் வைத்த பெயர் வேறு, நீளமாக இருந்தது. கண்ணாடி முகம், சாம்பல் நிற உடம்பு, கயிற்றில் தொங்கும் ஒரு குச்சி. அந்தக் குச்சியால் கண்ணாடிமேல் எழுதினால் எழுதியது தெரியும். எழுதியதைப் புரிந்துகொண்டு அச்செழுத்தாக மாற்றிக்கொள்ளும். இரண்டு கிலோ கனம். கழுத்தில் மாட்டிக்கொண்டு இரண்டு தெரு நடந்தால் பிடரி கழன்றுவிடும். வெயிலில் திரை கண்ணுக்குத் தெரியாது. குடைக்காரருக்கு அந்தப் பெயர் முழுக்கப் பொருந்தியதே அப்போதுதான். ஒரு கையில் குடை, ஒரு கையில் குச்சி, கழுத்தில் சிலேட்டு, காலடியில் நாய். "இதுக்குப் பேரு கையோட கொண்டுபோற கம்ப்யூட்டராம். கழுத்தோட கொண்டுபோறதுன்னு போர்டுல மாத்தச் சொல்லுங்க" என்பார்.

சிலேட்டைக் கொண்டுவந்தவர் தலைமை அலுவலகத்திலிருந்து மாற்றலாகி வந்த மேலாளர். சட்டைப் பையில் தங்க மூடிப் பேனா ஒன்றைச் செருகியிருப்பார். அதைத் திறந்து யாரும் பார்த்ததில்லை. அதனால் பேனா சார். பெட்டியிலிருந்து முதல் சிலேட்டை எடுத்துத் தனக்கென்று வைத்துக்கொண்ட அன்றே அக்காவைக் கூப்பிட்டார்.

"இதுல ஒரு கையெழுத்து போடுங்கம்மா. கண்ணாடி வழுக்குதான்னு பாப்போம்."

அக்கா போட்டாள். வாலிலிருந்து தலைக்கு.

"அட, பாக்கவே ஷோக்கா இருக்கே! சும்மாதாம்மா, டெஸ்ட்டு."

யாரும் வெற்றுத்தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க மாட்டார்கள். அக்காவும் மாட்டாள். ஆனால் கண்ணாடியில் போட்டது துடைத்தால் போய்விடும் என்றுதான் அந்த அலுவலகத்தில் எல்லோரும் நினைத்தார்கள். சிலேட்டு என்றால் வேறென்ன?

அடுத்த ஆறு மாதம் அக்காவின் உயிரை அந்தப் பதினெட்டுச் சிலேட்டும் எடுத்தன. வந்த புதிதில் அந்த இயந்திரம் நாலை ஒன்பது என்றது, ஒன்பதைப் பூஜ்யம் என்றது. ஒவ்வொருவர் கைக்கும் அதைப் பழக்க வேண்டும். எண்ணின் உருவத்தை மட்டும் அது பார்ப்பதில்லை, குச்சி எங்கே தொடங்கி எப்படித் திரும்பி எங்கே எடுபட்டது என்று கையின் போக்கையே பார்க்கிறது. கையின் போக்கைப் பற்றி அக்காவுக்குத் தெரியாததா? முந்நூறு பக்கக் கையேட்டைப் பேனா சார் தன் கணினிக்கு முட்டுக்கொடுத்து வைத்திருந்தார். அவள் அதை உருவிக்கொண்டு போய்ப் பேருந்தில் வாசித்தாள். மாலையில் பதினெட்டுச் சிலேட்டையும் வாங்கி, எண்களை ஒயர் வழியே பெரிய கணினிக்கு இறக்கி, பேட்டரி மாற்றி அடுக்குவதும் அவள் வேலையானது. பேட்டரி விஷயத்தில் ஒரு சட்டம் உண்டு. சிலேட்டின் நினைவெல்லாம் மின்சாரத்தில் நிற்பது. விரல் பேட்டரி நாலும் தீர்ந்தால் பொத்தான் பேட்டரி தாங்கும். அதுவும் தீர்ந்தால் எழுதியது அத்தனையும் காற்று.

"இது முடிஞ்சா நீங்கதாம்மா இந்தப் பிரிவுக்குத் தலைவி. தங்கச்சிக்கும் மத்தவங்களுக்கும் வேற நல்ல வேலை இருக்கு" என்று பேனா சார் வாரத்துக்கு ஒருமுறை சொல்வார். அக்கா நம்பினாள். ஐந்து பேரிடமும் போய்ச் சொல்லவும் செய்தாள். அதுதான் பின்னால் அவள் மண்டையில் ஆணியாக இறங்கியது.

ஆறு மாதம் முடிந்த திங்கட்கிழமை, ஐந்து பேரையும் ஒன்றாகக் கூப்பிட்டு வீட்டுக்குப் போகச் சொன்னார் பேனா சார்.

"நான் என்னம்மா பண்ண முடியும்? இந்த அஞ்சு பேரும் இனிமே தேவையில்லன்னு உங்க சீனியரே எழுதிக் குடுத்துட்டாங்க. எனக்கே மனசு கேக்கல."

தாளைக் காட்டினார். ஐந்து ஊழியர் எண்கள் அச்சில் இருந்தன. பத்தொன்பது, இருபத்தொன்று, இருபத்துமூன்று, இருபத்துநான்கு, இருபத்தாறு. இருபத்துமூன்று தங்கை. கீழே அக்காவின் கையெழுத்து.

அக்கா ஓடிவந்து பார்த்தாள். ஒரு நிமிடம் அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது, அத்தனை சுத்தமாக அவளுடையது. "நான் போடலடி. சத்தியமா நான் போடல."

"உன் கையெழுத்தை வேற யாரால போட முடியும்? முப்பது தாள் கிழிச்சவன் கதைய நீதான எங்களுக்குச் சொல்லிச் சொல்லிச் சிரிப்ப?" என்றாள் தங்கை. அவள் கத்தவில்லை. தாளை மடித்துப் பேனா சார் மேசையிலேயே வைத்துவிட்டுப் போனாள். கத்தல் சாயங்காலம் வீட்டுப் படிக்கட்டில் நடந்தது. மாடியிலும் கீழேயும் எதிர்வீட்டிலும் எல்லோரும் வாசலுக்கு வந்து நிற்க, "எனக்கு அக்கா இருந்தா. செத்துட்டா" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள். அன்றிலிருந்து மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டாலே கீழ்க்கதவு மூடிக்கொள்ளும்.

தங்கைக்கு ஒரு சலவைக்கூடத்தில் வேலை கிடைத்தது. விடுதிப் படுக்கை விரிப்புகளை நின்றுகொண்டே இஸ்திரி போடும் வேலை. அவள் கணவர் ஒருநாள் படிக்கட்டில் நின்று, குரலைத் தாழ்த்தி, "அக்கா, நான் நடுவுல தபால்காரனா? நீங்க செய்யலன்னா செய்யலன்னு காட்டுங்க. வாயால சொன்னா அவ கேக்கமாட்டா" என்றார்.

காட்டுவதற்கு என்ன இருக்கிறது?

இருந்தது. பதினைந்து நாள் கழித்து அது தானாக அவள் மடியில் வந்து விழுந்தது.

பேனா சார் தன் சிலேட்டுக்குத் தானே பேட்டரி மாற்றியதில்லை. அது அவர் மதிப்புக்குக் குறைவு. அன்று மாலையும் மேசைமேல் போட்டுவிட்டு, "மாத்தி வையுங்க" என்று போய்விட்டார். அக்கா பேட்டரி மாற்றினாள். திரை விழித்துக்கொண்டது. கடைசியாகத் திறந்திருந்த பக்கம் தெரிந்தது. அதே ஐந்து எண்கள், அதே கையெழுத்து.

கையேட்டின் இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம் அவளுக்கு மனப்பாடம். எழுதியது அச்செழுத்தாக மாறினாலும் எழுதிய கை அழிவதில்லை. அச்சுக்கு அடியில் அப்படியே கிடக்கும். ‘திருப்பி ஓட்டு’ என்ற கட்டளையைத் தொட்டால், எழுதியவர் எழுதிய வரிசையிலேயே, கோடுகோடாக, மறுபடி எழுதிக் காட்டும். அளவீட்டாளர்களின் கைப்போக்கைப் படிக்க அக்கா அதைத்தான் ஆறு மாதமாகப் பயன்படுத்தினாள்.

தொட்டாள்.

வெற்றுத் திரையில் ஒரு எண் முளைத்தது. அவளுடைய கையின் போக்கு அல்ல. மேலிருந்து கீழே, மிதப்பாக, தட்டையான தலைகள் வைத்த எண்கள். ஆனால் முதலில் வந்தது பத்தொன்பது இல்லை. பதினேழு. அவளுடைய எண். பக்கத்தில் குச்சி தயங்கித் தயங்கி எழுதியது: ‘பயிற்சி முடிந்த பின்’. பிறகு அதன்மேல் குறுக்கும் நெடுக்குமாக ஒரு கிறுக்கல். சிலேட்டில் அழிப்பது அப்படித்தான், கிறுக்கினால் எழுத்து மறைந்துவிடும். பதினேழு மறைந்தது. பத்தொன்பது, இருபத்தொன்று, தட்டைத்தலை மூன்றோடு இருபத்துமூன்று, இருபத்துநான்கு, இருபத்தாறு. கடைசியில் அவள் கையெழுத்து. அது ஓடவில்லை. வாலிலிருந்தும் வரவில்லை, தலையிலிருந்தும் வரவில்லை. வெட்டி ஒட்டிய துண்டு, ஒரே கணத்தில் பொத்தென்று விழுந்தது.

அக்கா மூன்று தடவை ஓட்டிப் பார்த்தாள். அழுகை வரவில்லை. அடிவயிற்றில் அடுப்புப் பற்றவைத்ததுபோல் சூடு ஏறி, அப்படியே நிதானமாக எரிந்தது. ஐந்து பேரையும் அவள் பெயரால் வெட்டிவிட்டு, வேலை முடிந்ததும் அவளையும் வெட்டுவதாக இருந்திருக்கிறான். பழி அவளுக்கு, பேர் அவனுக்கு. அந்த நிமிடத்திலிருந்து மனதுக்குள் அவர் ‘அவன்’ ஆனார்.

நேராகப் போய் அலுவலகத் தலைவரிடம் காட்டியிருக்கலாம். அறைக்குள்ளே நாலு சுவருக்கு நடுவே விசாரணை நடக்கும், அவன் மன்னிப்புக் கேட்பான், வேறு ஊருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு பேனாவோடு போவான். அது போதாது. ஐந்து பேரை அவன் பத்துப் பேர் பார்க்க வைத்துத்தானே துரத்தினான்? முப்பத்தேழு நாளில் சிலேட்டின் அரங்கேற்றம் இருந்தது. தலைவரும் இயக்குநர்களும் வந்து பார்க்கப் போகிறார்கள். அக்கா அந்த நாளைத் தேர்ந்தெடுத்தாள்.

தங்கையிடமாவது சொல்லியிருக்கலாம். சொன்னால் மறுநாள் காலையில் அவள் வந்து அவன் சட்டையைப் பிடிப்பாள், அவன் பேட்டரியை உருவிப் பக்கத்தையே காற்றாக்கிவிடுவான். இது ஒரு காரணம், நல்ல காரணமும்கூட. இன்னொன்றை அக்கா தனக்கே மெல்லத்தான் சொல்லிக்கொண்டாள். செத்துட்டா என்றாயே, இரு. கொஞ்ச நாள் செத்தவளாகவே இருக்கிறேன். அந்த அடுப்பில் தங்கைக்கும் ஒரு கரண்டி நெருப்பு இருந்தது.

அந்தப் பக்கத்தை வேறெங்கும் பிரதி எடுக்க முடியாது. ஒயர் வழியாக எண்கள் மட்டும்தான் இறங்கும், கை இறங்காது. ஆகவே முப்பத்தேழு நாளும் எதிரியின் சிலேட்டை உயிரோடு வைத்திருக்க வேண்டும். சொந்தக் குழந்தைக்குப் பால் கொடுப்பதைப்போல் அவள் அதற்குப் பேட்டரி கொடுத்தாள்.

"என் சிலேட்டுக்கு மட்டும் என்னம்மா இவ்வளவு கவனிப்பு?"

"நீங்க பெரியவங்க சார். உங்களுது நின்னுடக் கூடாது."

அவன் நெஞ்சு இரண்டு அங்குலம் விரிந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை, மனைவியிடம் காட்ட வேண்டும் என்று சிலேட்டை வீட்டுக்கு எடுத்துப் போகக் கிளம்பினான். அக்கா முன்னால் போய் நின்றாள். "ஒரு நிமிஷம் சார், தூசி இருக்கு" என்று வாங்கி, மேசைக்கடியில் வைத்து, அன்றுதான் வாங்கி வந்திருந்த பொத்தான் பேட்டரியைப் போட்டாள். கூடவே உறையில் நாலு விரல் பேட்டரி. "ஞாயித்துக்கிழமை மறக்காம மாத்துங்க சார்." அவன் மறப்பான் என்று அவளுக்குத் தெரியும். இரண்டு நாளும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. திங்கட்கிழமை சிலேட்டு செத்த மீன் மாதிரி வந்தது. உறை பிரிக்கப்படவே இல்லை. புது பேட்டரிகளைப் போட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு பொத்தானை அழுத்தினாள். திறந்தபோது, பொத்தான் பேட்டரி கடைசி மூச்சில் காப்பாற்றி வைத்திருந்த பக்கம், எண்களும் கையெழுத்துமாக அவளைப் பார்த்தது.

மிச்ச வேலையை அவன் கையாலேயே செய்வித்தாள். அரங்கேற்றப் பேச்சை எழுதித் தரச் சொன்னான், எழுதினாள். "எழுதியவர் மறுத்தாலும் இந்த இயந்திரம் மறுக்காது" என்று ஒரு வரி.

"ஆகா, என்ன வரிம்மா! இது என்னமோ திருப்பி ஓட்டுதுன்னு போட்டிருக்கீங்களே, அது என்ன?"

"எழுதுனது கோடுகோடா வரும் சார். கைதட்டுவாங்க. உங்க சிலேட்டுலயே காட்டலாம், அதுலதான் கீறலே இல்ல. நீங்க பேசுங்க, நான் தொட்டுக் காட்டுறேன்."

அன்று கூடத்தில் நாற்பது நாற்காலி. முன்வரிசையில் தலைவர், இயக்குநர்கள் மூவர். பின்னால் சுவரோரம் பதினெட்டு அளவீட்டாளர்களும் கழுத்தில் சிலேட்டோடு நின்றார்கள். அவன் சிலேட்டிலிருந்து ஒரு ஒயர் பெரிய டிவிக்கும் இன்னொன்று சுவர் மின்சாரத்துக்கும் போயிற்று. அவன் இருபது நிமிடம் பேசினான். ஆறு மாதம் இரவுபகலாகத் தானே பழக்கியதாகச் சொன்னான். அக்கா குச்சியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள், சிலை மாதிரி.

"எழுதியவர் மறுத்தாலும், ஐயா, இந்த இயந்திரம் மறுக்காது! காட்டுங்கம்மா, ஏதாவது ஒரு பக்கத்தை."

அக்கா அந்தப் பக்கத்தைத் திறந்தாள். தொட்டாள்.

டிவி நிறைய ஒரு பதினேழு எழுந்தது. ‘பயிற்சி முடிந்த பின்’ என்று ஊர்ந்தது. அவன் இன்னும் கூட்டத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். முன்வரிசையில் யாரும் திருப்பிச் சிரிக்காததால்தான் தலையைத் திருப்பினான். கிறுக்கல் விழுந்தது. பத்தொன்பது வந்தது. இருபத்தொன்று வந்தது. முகத்தில் ஈயாடவில்லை.

"நிறுத்து. நிறுத்துன்னு சொல்றேன்ல!" பாய்ந்துவந்து சுவரிலிருந்த ஒயரைப் பிடுங்கினான்.

சிலேட்டு நிற்கவில்லை. ஒயர் இல்லாமலும் ஓடும் என்பதுதானே அதன் பெருமை? அவனே பத்து நிமிடத்துக்கு முன் அதைப் பீற்றியிருந்தான். அன்று காலையில் அக்கா நாலு புதுப் பேட்டரி போட்டிருந்தாள். இருபத்துமூன்று, இருபத்துநான்கு, இருபத்தாறு. கடைசியில் பொத்தென்று கையெழுத்து.

"இது யார் எழுதினது?" என்றார் தலைவர்.

"மெஷின் கோளாறுங்க ஐயா. புதுசு, இல்லையா... சில சமயம் தானா..."

பின்னாலிருந்து குடைக்காரர் குரல் வந்தது. "தட்டைத்தலை மூணுங்கய்யா. என் லீவு லெட்டருல ‘3 நாள் கிடையாது’ன்னு எழுதினாரு பாருங்க, அதே மூணு. மெஷினுக்கு எங்க போச்சு அவ்வளவு மிதப்பு?"

சுவரோரம் பதினெட்டுச் சிலேட்டும் சிரிப்பில் குலுங்கின.

"அந்தக் கையெழுத்து?"

"என்னோடதுதான் ஐயா" என்றாள் அக்கா. "ஆனா நான் கையெழுத்துப் போட்டா எப்படி வரும்னு பாருங்க." புதுப் பக்கம் எடுத்து, வாலில் குச்சியை வைத்து, முதல் எழுத்தின் தலை வரைக்கும் பின்னோக்கி ஓடினாள். திருப்பி ஓட்டினாள். டிவியில் கோடுகோடாக, வாலிலிருந்து தலைக்கு, நண்டு நகர்வதுபோல் நகர்ந்தது. பிறகு அவன் பக்கத்தை மறுபடி ஓட்டினாள். பொத். யாரும் எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

விசாரணை ஒரே வாரத்தில் முடிந்தது. அவனை வேலையை விட்டு நீக்கினார்கள். ஐந்து பேரையும் திரும்ப வரலாம் என்றார்கள். தலைவர் அக்காவைக் கூப்பிட்டு, "உங்களுக்கு என்னம்மா வேணும்?" என்று கேட்டார்.

"ரெண்டு வேணுங்கய்யா. அவரு போறதுக்கு முன்னாடி அந்த அஞ்சு பேருக்கும் அஞ்சு கடிதம் அவரு கைப்பட எழுதணும். சிலேட்டுல, என் மேசையில வச்சு. எல்லாம் முடிஞ்சப்புறம் அந்தச் சிலேட்டு எனக்கு வேணும்."

அவன் எழுதினான். அக்காவின் மேசைக்கு முன்னால் நின்றுகொண்டே எழுதினான். நாற்காலி எதுவும் காலியாக இல்லை, அவள் அப்படிப் பார்த்துக்கொண்டாள். ‘பட்டியலை நானே எழுதினேன். அந்தக் கையெழுத்தை நானே வெட்டி ஒட்டினேன்.’ ஒவ்வொரு கடிதத்தையும் அவள் திருப்பி ஓட்டிப் பார்த்தாள், ஒட்டுவேலை எதுவும் இல்லையே என்று. ஒரு கடிதத்தைப் பிரதி எடுத்து ஐந்தாக்கலாமே என்று அவன் முனகினான்.

"கூடாது சார். மூணாவது வரி சரியா விழல. மறுபடி எழுதுங்க."

தங்க மூடிப் பேனா பையிலேயே இருந்தது. குச்சி கை வியர்வையில் வழுக்கியது. ஐந்தாவது கடிதம் முடிய மதியமாகிவிட்டது. அந்த அரைநாளைப்போல் ஒரு நாள் தன் வாழ்நாளில் வந்ததில்லை என்று அக்கா பின்னாளில் ஒளிக்காமல் சொல்வாள். பாவம் பார்த்தாயா என்று கேட்டவர்களிடம், "பாத்தேன். நல்லா, கிட்ட இருந்து பாத்தேன்" என்பாள்.

அச்செடுத்த கடிதத்தோடு அன்று மாலை கீழ்க்கதவைத் தட்டினாள். கணவர்தான் திறந்தார். அவள் நீட்டிய தாளைத் தங்கை வாங்கி நின்றபடியே வாசித்தாள். இரண்டு தடவை வாசித்தாள். முகம் இளகியது. அக்கா ஒரு படி ஏறி உள்ளே வரப் போனாள்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

பொய் சொல்லியிருக்கலாம். "அரங்கேத்தத்துக்கு முப்பத்தேழு நாளைக்கு முன்னாடி."

தங்கை புடவைத் தலைப்பை விலக்கி மணிக்கட்டை நீட்டினாள். இஸ்திரிப்பெட்டியின் முனை பதிந்த வடு, இன்னும் சிவப்பு. "இது எப்பப் பட்டுதுன்னு தெரியுமா? போன மாசம் பதினாலாம் தேதி. எண்ணிக்க. உனக்குத் தெரிஞ்சு எத்தனாவது நாள்னு நீயே எண்ணிக்க."

"உன்கிட்ட சொன்னா நீ ஓடிவந்து..."

"ஓடிவந்திருப்பேன். இல்ல, வாய மூடிக்கிட்டு உன்கூட நின்னிருப்பேன். அவன் மூஞ்சி செத்துப்போறதை முன்வரிசையில உக்காந்து பாத்திருப்பேன்! என் வேலையைத்தான அவன் எடுத்தான்? பழிய மட்டும் ஏன் நீ ஒருத்தியே முழுசா எடுத்துக்கிட்ட?"

கதவு சாத்திக்கொண்டது. உள்ளே கணவரின் குரல் ஏதோ சமாதானம் சொல்லி, பாதியில் அடங்கியது.

மற்ற நால்வரும் வேலைக்குத் திரும்பினார்கள். தங்கை திரும்பவில்லை. படிக்கட்டுச் சத்தத்துக்குக் கீழ்க்கதவு முன்போலவே மூடியது. ஆனால் அக்காவுக்கு ஒரு வேலை பாக்கி இருந்தது. பரிசாக வந்த சிலேட்டை மாடியில் அலமாரியில் வைத்து, நாள் தவறாமல் பேட்டரி பார்த்தாள். பழி முடிந்த சிலேட்டுக்கு எதற்குப் பேட்டரி என்று கேட்க ஆளில்லை. கேட்டிருந்தால், பார்க்க வேண்டியவள் இன்னும் பார்க்கவில்லை என்று சொல்லியிருப்பாள்.

ஒரு ஞாயிறு காலை மாடிக்கதவு தட்டப்பட்டது. தங்கை. கையில் நாலு பேட்டரி, கடைத்தாள் பிரிக்காமல்.

"முப்பத்தேழு நாள் நேத்தோட முடிஞ்சுது" என்றாள். "கடிதம் குடுத்த நாள்லேருந்து எண்ணுனேன். நீ எனக்கு வச்ச அதே முப்பத்தேழு. ஒரு நாள் கூடல, ஒரு நாள் குறையல."

"எண்ணிக்கிட்டா இருந்த?"

"பின்ன? நீ மட்டும்தான் எண்ணுவியா? தள்ளு. எடு அதை."

சமையல் மேசைமேல் சிலேட்டை வைத்தார்கள். தங்கை கொண்டுவந்த பேட்டரியை அக்கா ஒவ்வொன்றாகப் போட்டாள். குச்சியைத் தங்கையே வாங்கித் தொட்டாள். வடுப் பட்ட கைதான்.

பதினேழு எழுந்தது. ‘பயிற்சி முடிந்த பின்’. கிறுக்கல்.

தங்கை குச்சியை எடுத்துவிட்டாள். "இது உன் நம்பர்."

"ஆமா."

"கடிதத்துல இது இல்லையே."

"எழுதச் சொல்லல. அது எனக்கும் அவனுக்கும் உள்ளது."

 திரையில் எண்கள் ஒவ்வொன்றாக வந்து, இருபத்துமூன்றின் தட்டைத்தலை வந்து, கடைசியில் கையெழுத்து பொத்தென்று விழுந்தது. தங்கை நாற்காலியை அக்கா பக்கமாக இழுத்துப்போட்டுக்கொண்டாள்.

"இந்த இடத்துலயா ஒயரப் புடுங்கினதா சொன்னாங்க?"

"இல்லடி, முன்னாடி. இருபத்தொண்ணு வந்தப்ப."

"மூஞ்சி எப்படி இருந்துச்சு? விடாம சொல்லு. முதல்லேருந்து ஓட்டு, நான் நடுநடுவுல கேப்பேன்."

அக்கா மறுபடி தொட்டாள்.